போர் விமானம் வானில் எப்படித் திரும்புகிறது?

கார் வளைவில் திரும்பும்போது டயர் சாலையைப் பற்றிக்கொண்டு வண்டியை உள்பக்கம் இழுக்கிறது. வானத்தில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. விமானத்தின் பாதையை வளைக்கப் போதுமான வலுவுள்ள விசை ஒன்றுதான்: இறக்கை காற்றில் உண்டாக்கும் தூக்குவிசை. அது வழக்கமாக இறக்கைக்குச் செங்குத்தாக, விமானியின் தலை இருக்கும் பக்கம் நோக்கியே இழுக்கும். எனவே இடப்பக்கம் திரும்ப நினைக்கும் விமானி முதலில் விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறார். பிறகு கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கைத் தன் வயிற்றை நோக்கி இழுக்கிறார். சாய்ப்பது திசையைத் தீர்மானிக்கிறது. இழுப்பது வளைவின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. வாலில் செங்குத்தாக நிற்கும் ரடர் என்ற பலகைதான் விமானத்தைத் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பத்தில் அதன் முக்கிய வேலை, மூக்கு பக்கவாட்டில் வழுக்காமல் பார்த்துக்கொள்வது.

வான்சாகசக் காட்சிகளில் வரும் பெரும்பாலான அசைவுகள் இந்த இரண்டின் கலவைதான். சாய்க்காமல் இழுத்துக்கொண்டே இருந்து மேலும் கீழுமாக முழு வட்டம் போட்டால் அது லூப். பாதி லூப் மேலே போய், உச்சியில் தலைகீழாக இருக்கும் விமானத்தைப் புரட்டி நிமிர்த்தினால் அது இம்மல்மன். முதலில் தலைகீழாகப் புரட்டி, பிறகு கீழ்நோக்கிப் பாதி லூப் இழுத்தால் அது ஸ்ப்ளிட்-எஸ். இழுப்பதையும் புரட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்தால் பேரல் ரோல். இம்மல்மனில் வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறோம், ஸ்ப்ளிட்-எஸ்ஸில் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போர் விமானம் எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்பதைவிட, திரும்பி முடித்தபின் அதன் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் அதன் உண்மையான திறன்.

ஜி என்பது என்ன?

நேராகப் பறக்கும்போது தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமம். அதை 1 ஜி என்கிறோம். விமானத்தைச் சாய்த்ததும் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. மிச்சப் பங்கு மட்டும் எடையைத் தாங்குகிறது. உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் மொத்தத் தூக்குவிசையைக் கூட்டியாக வேண்டும். 60 டிகிரி சாய்த்தால் 2 ஜி வேண்டும். 70 டிகிரிக்குச் சற்று மேலே போனால் 3 ஜி. 80 டிகிரியில் கிட்டத்தட்ட 6 ஜி. 9 ஜி திருப்பத்தில் விமானம் சுமார் 83 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு இறக்கை செங்குத்தாக நிற்பதுபோல் தெரியும்.

9 ஜி என்றால் எவ்வளவு விசை? தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் ஒரு படைப்பிரிவாக நிற்கும் சுகோய்-30 எம்கேஐ விமானத்தையே எடுத்துக்கொள்வோம். வெற்று எடை சுமார் 18.4 டன். பாதி எரிபொருளும் சில ஏவுகணைகளும் சேர்ந்தால் 24 டன் வரும். 9 ஜியில் அது 216 டன் எடையுள்ள பொருளைப்போல் நடந்துகொள்கிறது. இறக்கைப் பரப்பு 62 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றரை டன். (முழுச் சுமையும் இறக்கை மேல் விழாது. இந்தக் குடும்ப விமானங்களில் அகன்ற தட்டையான உடற்பகுதியும் ஒரு பங்கைச் சுமக்கிறது.) இறக்கைக்கு அடியில் கனமான குண்டுகளோ எரிபொருள் தொட்டிகளோ தொங்கினால் விமானம் இழுக்கக்கூடிய ஜி எல்லை குறைந்துவிடும். அமெரிக்கப் போர் விமானமான எஃப்-16இன் காக்பிட்டில் இதற்காகவே ஒரு சுவிட்ச் உண்டு. கனமான சுமைகளோடு கிளம்பும்போது அதை மூன்றாம் வகைக்கு மாற்றிவிட்டால், விமானி எவ்வளவு இழுத்தாலும் கணினி குறைவாகவே விட்டுக்கொடுக்கும். இழுக்கும்போதே சேர்த்துப் புரட்டுவதற்குத் தனியாக இன்னும் குறைந்த எல்லை இருக்கும், ஏனென்றால் அப்போது ஓர் இறக்கை மற்றதைவிட அதிகம் சுமக்கிறது.

வேகம் கூடினால் வட்டம் பெரிதாகும்

புதிதாகப் படிப்பவர்கள் தவறாக நினைக்கும் இடம் இது. வேகமான விமானம் வேகமாகத் திரும்பும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஜி கூடினால் குறையும்.

9 ஜியில் மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் திரும்பினால் ஆரம் சுமார் 456 மீட்டர். மூக்கு ஒரு விநாடிக்கு 25 டிகிரி நகரும். முழு வட்டம் 14 விநாடிக்குச் சற்று மேலே. அதே 9 ஜி, ஆனால் வேகம் 1,080 கி.மீ. என்றால் ஆரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். வட்டத்துக்கு 21 விநாடிக்கு மேல் ஆகும். 1,800 கி.மீ. வேகத்தில் ஆரம் 2.8 கிலோமீட்டரைத் தாண்டி, முழு வட்டத்துக்கு 36 விநாடி ஆகிவிடும். ஒலியைவிட வேகமாகப் பறப்பது துரத்தவும் தப்பிக்கவும் உதவும், திரும்ப உதவாது.

அப்படியானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே? அதற்கும் ஒரு தடை இருக்கிறது. இறக்கை தரக்கூடிய உச்சத் தூக்குவிசையும் வேகத்தின் வர்க்கத்தையே பொறுத்தது. நேர்ப்பறப்பில் தன்னைத் தாங்கிக்கொள்ளக் குறைந்தது மணிக்கு 240 கி.மீ. வேகம் தேவைப்படும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இறக்கை மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்துவிடும், இதுதான் ஸ்டால். 360 கி.மீ. வேகத்தில், அதாவது ஒன்றரை மடங்கில், இந்த விமானத்தால் ஒன்றரையின் வர்க்கமான 2.25 ஜி மட்டுமே இழுக்க முடியும். அந்த வேகத்தில் வட்டத்தின் ஆரம் 500 மீட்டரைத் தாண்டுகிறது, மூக்கு விநாடிக்கு 11 டிகிரிதான் நகர்கிறது. மெதுவாகப் பறந்தும் வட்டம் பெரிதாகிவிட்டது!

மூன்று மடங்கு வேகத்தில், 720 கி.மீ.யில், முதல் முறையாக 9 ஜி கிடைக்கிறது. இறக்கையின் எல்லையும் விமான உடற்கட்டின் எல்லையும் சந்திக்கும் இந்த வேகத்தை விமானிகள் கார்னர் வேகம் என்பார்கள். அதற்குக் கீழே இறக்கை கைவிடும். அதற்கு மேலே உடற்கட்டும் மனித உடம்பும் இடம் தராது. மிகக் கூர்மையான திருப்பம் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். தன் விமானத்தின் கார்னர் வேகத்தை அன்றைய எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு மனப்பாடமாக வைத்திருப்பது போர் விமானியின் அடிப்படைப் பாடம்.

உயரம் போகப் போக இந்தக் கணக்கும் மாறும். 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். நம் விமானம் அங்கே 240 கி.மீ.யில் நிற்காது; 410க்கு மேல் வேண்டும். அதன் கார்னர் வேகம் 1,240ஐத் தொடும். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே 1,080 கி.மீ.யை ஒட்டித்தான். ஆகவே ஒலிவேகத்துக்குக் கீழே அங்கே 9 ஜி கிடைக்கவே கிடைக்காது. என்ஜினும் மெல்லிய காற்றில் மூச்சுத் திணறும். வான்சாகசக் காட்சியில் தாழ்வாகப் பறக்கும்போது பார்ப்பதை வைத்து அதே விமானம் உச்சியிலும் அப்படியே திரும்பும் என்று முடிவு கட்டக்கூடாது.

திருப்பத்தின் விலை

இறக்கை தூக்குவிசையை இலவசமாகத் தருவதில்லை. தூக்குவிசை கூடும்போது அதோடு சேர்ந்து பிறக்கும் இழுவையும், அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையும், கூடும். அதுவும் வர்க்கக் கணக்கில். ஒரே வேகத்தில் 1 ஜியிலிருந்து 9 ஜிக்குப் போனால் அந்தவகை இழுவை 81 மடங்காகும். என்ஜின் முழு ஆஃப்டர்பர்னரில், அதாவது புகைவழியிலும் எரிபொருளை ஊற்றிக் கூடுதல் உந்துவிசையோடு, எரிந்தாலும் பல நேரங்களில் ஈடுகட்ட முடியாது.

இழுவை, உந்துவிசையைவிட விமான எடையில் பாதி அளவு அதிகம் என்று கொள்வோம். உயரத்தைக் குறைக்காமல் திரும்பினால் ஒவ்வொரு விநாடியும் மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகம் கரையும். 10 விநாடியில் 180 கி.மீ. போய்விடும், 720இல் தொடங்கியவர் 540இல் நிற்பார், கையில் 5 ஜி மட்டும் இருக்கும். வேகத்தை விடாமல் திரும்ப வேண்டுமென்றால் விநாடிக்கு 100 மீட்டர் வீதம் உயரத்தை விட வேண்டும். 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அது 10 விநாடிச் சொத்து.

இதனால்தான் விமானத்தின் திருப்பத் திறனை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒரு கணத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சத் திருப்பம் ஒன்று. வேகமும் உயரமும் குறையாமல் தொடர்ந்து சுற்றக்கூடிய திருப்பம் இன்னொன்று. முதலாவதற்குப் பெரிய இறக்கை போதும். இரண்டாவதற்கு எடைக்கு ஈடான என்ஜினும் வேண்டும். பெரிய முக்கோண இறக்கை கொண்ட, வால் இறக்கை இல்லாத விமானங்கள் முதல் கணத்தில் பிரமாதமாகத் திரும்பும், பிறகு வேகம் சட்டென்று இறங்கும்.

அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட், கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியோடு சேர்ந்து 1960களில் இதை ஒழுங்கான கணக்காக்கினார். விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் ஒரே ஆற்றல் கணக்கில் சேர்ப்பது அதன் அடிப்படை. 3,000 மீட்டர் உயரத்தில் 720 கி.மீ. வேகத்தில் போகும் விமானம், வேகத்தை முழுக்க உயரமாக மாற்ற முடிந்தால் இன்னும் 2,000 மீட்டர் ஏறும். ஆகவே அதன் ஆற்றல் 5,000 மீட்டருக்குச் சமம். ஒவ்வொரு வேகத்திலும் ஒவ்வொரு ஜியிலும் இந்த இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வரைபடம் போட்டால், எதிரி விமானத்தோடு எந்த இடத்தில் மோதலாம், எங்கே ஒதுங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 1974இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-16 இந்தச் சிந்தனையில் பிறந்தது: சிறிய உடல், பெரிய என்ஜின், 9 ஜி.

சுகோய்-30 எம்கேஐயின் இரண்டு என்ஜின்களும் ஆஃப்டர்பர்னரோடு தலா சுமார் 12.5 டன் தள்ளும். 24 டன் எடையில் உந்துவிசை எடையை எட்டிவிடுகிறது. முழுச் சுமையான 38.8 டன்னோடு அதே விமானம் போனால் எடையில் மூன்றில் இரண்டு பங்குகூட உந்துவிசை இல்லை. காட்சிக்கு வரும் விமானம் பெரும்பாலும் குறைந்த எரிபொருளோடும் வெற்று இறக்கையோடும் வரும். குண்டு சுமந்து எல்லைக்குப் போகும் அதே விமானம் அப்படி ஆடாது.

வேண்டுமென்றே நிலையில்லாமல் செய்தது

பழைய விமானங்களில் ஈர்ப்பு மையம், தூக்குவிசை மையத்துக்கு முன்னால் இருக்கும். மூக்கு ஆடினாலும் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அப்படிப்பட்ட விமானம் திரும்பவும் மனம் வைக்காது. வால் இறக்கை கீழ்நோக்கித் தள்ளித்தான் மூக்கைத் தூக்க வேண்டும், அந்த அளவுக்குத் தூக்குவிசை வீணாகும். எஃப்-16, தேஜஸ், சுகோய்-27 குடும்பம் போன்றவற்றில் இந்தச் சமநிலையை வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறார்கள். உள்ளங்கையில் விளக்குமாற்றுக் குச்சியை நிமிர்த்தி நிறுத்துவதுபோல்தான். கையை அசைத்துக்கொண்டே இருந்தால் நிற்கும், விட்டால் விழும்.

மனிதக் கையால் அந்த வேகத்தில் அசைக்க முடியாது. அதனால் ஸ்டிக்குக்கும், இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைக் கட்டுப்படுத்தும் பலகைகளுக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. விமானி இழுப்பது ஒரு வேண்டுகோள். எந்தப் பலகையை எவ்வளவு அசைப்பது என்பது கணினியின் முடிவு. இதுதான் ஃப்ளை-பை-வயர். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதல் முறையாகப் பறந்த தேஜஸில் நான்கு இணை வழிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. ஒன்று தவறினால் மற்ற மூன்றும் அதை ஒதுக்கிவிடும்.

இங்கே கோளாறு வரும் விதம் பழைய விமானங்களில் இல்லாதது. 1993 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகர விழாவின் மேல் பறந்த ஸ்வீடனின் கிரிபென் விமானம் கூட்டத்துக்கு நடுவே ஒரு தீவில் விழுந்தது. விமானி ஸ்டிக்கைப் பெரிதாக, வேகமாக அசைத்தார். பலகைகளால் அவ்வளவு வேகமாக நகர முடியவில்லை. கட்டளை ஒரு பக்கம், விமானம் அதற்குப் பின்தங்கி. ஆடுவதை அடக்க விமானி எதிர்ப்பக்கம் இழுக்க, அது போய்ச் சேர்வதற்குள் விமானம் அந்தப் பக்கமே ஆடிவிட, ஒவ்வொரு திருத்தமும் ஆட்டத்தை வளர்த்தது. அவர் குதித்துத் தப்பினார், யாரும் இறக்கவில்லை. இப்படி விமானியும் விமானமும் ஒருவரையொருவர் தூண்டிவிடும் ஆட்டத்துக்கு மருந்து, ஸ்டிக்கை மேலும் பலமாகப் பிடிப்பதல்ல, கையைத் தளர்த்துவது. பயிற்சியில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

அமெரிக்க–ஜெர்மானிய ஆய்வு விமானமான எக்ஸ்-31 கதை இன்னும் பாடம் நிறைந்தது. ஸ்டாலுக்கு அப்பாலும் கட்டுப்பாடாகப் பறப்பதற்கென்றே கட்டிய விமானம் அது. 1995 ஜனவரி 19 அன்று வேகம் அளக்கும் குழாயில் பனி உறைந்தது. அந்தக் குழாய்க்கு வெப்பமூட்டி இணைக்கப்பட்டிருக்கவில்லை; விமானிக்கு அது தெரியாது. உண்மையைவிடக் குறைந்த வேகத்தைப் பார்த்த கணினி, மெதுவாகப் பறக்கிறோம் என்று நம்பிப் பலகைகளைத் தேவைக்கு மேல் அசைத்தது. விமானம் ஆடத் தொடங்கி மூக்கு மேலே எகிறியது. விமானி குதித்துத் தப்பினார். நிலையில்லாத விமானத்துக்குச் சரியான வேக அளவீடு கண்பார்வை மாதிரி.

நாகம் படமெடுப்பதுபோல்

1989 ஜூன் மாதம் பாரிஸ் லெ பூர்ஜே காட்சியில் விக்டர் புகசோவ் ஓட்டிய சுகோய்-27, நேராகப் பறந்துகொண்டே மூக்கைச் செங்குத்துக்கும் பின்னால் சாய்த்து, வயிற்றைக் காட்டியபடி முன்னேறி, மீண்டும் மூக்கைக் கீழே போட்டுத் தொடர்ந்து பறந்தது. நாகம் தலையைத் தூக்கி நிற்பதுபோல் இருந்ததால் அதற்குக் கோப்ரா என்று பெயர். அதற்கு முன்பே சோதனைப் பறப்புகளில் இகோர் வோல்க் இதைச் செய்து பார்த்திருந்தார்.

இதைப் புரிந்துகொள்ளத் தாக்குகோணம் என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூக்கு எங்கே பார்க்கிறது, விமானம் உண்மையில் எந்தத் திசையில் போகிறது, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் அது. பயணிகள் விமானம் 15 டிகிரியை ஒட்டியே ஸ்டாலாகிவிடும். போர் விமானங்கள் அதைத் தாண்டிப் போகின்றன. இறக்கையின் வேரிலிருந்து காக்பிட் பக்கம் கூர்மையாக நீளும் பகுதி சுகோய்-27, மிக்-29, எஃப்-18 எல்லாவற்றிலும் இருக்கும். பெரிய தாக்குகோணத்தில் அந்த ஓரத்திலிருந்து சுழல் கிளம்பி இறக்கையின் மேல் ஓடும். சுழலுக்குள் அழுத்தம் குறைவு என்பதால் அது இறக்கையை மேலே உறிஞ்சும், காற்று பிரிந்துவிடாமலும் தடுக்கும். சுகோய்-30 எம்கேஐயில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் சிறு முன்னிறக்கைகள் இந்தச் சுழலைச் சீர்ப்படுத்தவும் உதவுகின்றன.

கோப்ராவின் படிகள் எளியவைபோல் தோன்றும். வேகத்தை மணிக்குச் சுமார் 400 கி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். தாக்குகோணத்தைக் கட்டுப்படுத்தும் தடையை அணைக்க வேண்டும். பிறகு ஸ்டிக்கைச் சட்டென்று முழுக்க இழுக்க வேண்டும். மூக்கு எகிறும் வேகத்திலேயே 90 டிகிரியைத் தாண்டிவிடும். அகன்ற வயிறு முழுவதும் காற்றுக்குத் தடையாக நின்று விமானத்தைப் பிடித்திழுக்கும். ஸ்டிக்கைத் தளர்த்தியதும் மூக்கு தானே கீழே விழும். எல்லாம் சில விநாடி.

ஏன் 400? நாம் பார்த்த கணக்கே பதில் சொல்லும். 240இல் தன்னைத் தாங்கும் விமானத்தால் 400இல் 3 ஜிக்குக் குறைவாகத்தான் இழுக்க முடியும்; உடற்கட்டுக்கு ஆபத்தில்லை. அதையே 800இல் செய்தால் 11 ஜி வரும், இறக்கை பிய்ந்துபோகலாம். மெதுவாகச் செய்தால் மூக்கு பாதியில் நின்று விமானம் சரியும்.

எல்லா விமானங்களாலும் முடியாததற்கு மூன்று காரணங்கள் தெரியும். பெரிய கோணத்தில் மூக்கின் இருபுறமும் கிளம்பும் சுழல்கள் சமமாக இல்லாவிட்டால் மூக்கு ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு போகும். நிற்கும் வாலோ அந்நேரம் உடலின் நிழலில் இருப்பதால் தடுக்க முடியாது. என்ஜினுக்குப் போகும் காற்று குழம்பினால், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் திணறி என்ஜின் அணைந்துவிடலாம். மூன்றாவது, மூக்கு திரும்பக் கீழே வர வேண்டுமே. எஃப்-16 சில எடை நிலைகளில் சுமார் 60 டிகிரியில் மாட்டிக்கொண்டு இலைபோல் கீழே இறங்கத் தொடங்கிவிடும். அப்போது தடையை மீறும் சுவிட்சை அழுத்தி, மூக்கை மேலும் கீழும் ஊஞ்சல்போல் ஆட்டி, ஆட்டம் பெரிதாகும்போது வெளியே தள்ள வேண்டும். அதற்கு உயரம் தாராளமாக வேண்டும்.

திசைமாறும் நாசில், அதாவது என்ஜின் புகை வெளியேறும் அசையும் வாய், இந்த இடத்தில்தான் உதவுகிறது. காற்று கைவிட்டபிறகும் என்ஜின் புகை தள்ளிக்கொண்டுதான் இருக்கும். சுகோய்-30 எம்கேஐயின் நாசில் ஒவ்வொன்றும் 15 டிகிரி வரை மேலும் கீழும் அசையும். அந்தக் கீல்களை நேராக வைக்காமல் 32 டிகிரி சாய்த்து, பின்னாலிருந்து பார்க்க வி வடிவில் அமைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து மேலே போனால் மூக்கு மேலே வரும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் விமானம் புரளவும் செய்யும், மூக்கு பக்கவாட்டிலும் திரும்பும். இரண்டு என்ஜினை வைத்துக்கொண்டு மூன்று அச்சிலும் கட்டுப்பாடு; எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்த பொறியியல் இதுதான்.

போரில் இதன் பயன் எவ்வளவு? வேகத்தை முழுக்கச் செலவழித்தால்தான் மூக்கை இப்படித் திருப்ப முடியும். எதிரி ஒருவன் மட்டும் இருந்து, மூக்கைத் திருப்பிய அந்தக் கணத்தில் சுட்டு முடித்தால் சரி. இரண்டாவது எதிரி இருந்தால், 200 கி.மீ. வேகத்தில் வானில் தொங்கும் பெரிய இலக்கு நாம்தான். மேலும், தலைக்கவசத்தில் பார்த்த திசைக்கே பாயும் ஆர்-73 போன்ற ஏவுகணைகள் 1980களிலேயே வந்துவிட்டன. மூக்கைத் திருப்பும் வேலையை ஏவுகணை எடுத்துக்கொண்டது; அதற்குள் மனிதன் இல்லாததால் விமானத்தைவிடப் பல மடங்கு ஜி தாங்கும்.

உள்ளே இருக்கும் உடம்பு

9 ஜியில் 7 கிலோ எடையுள்ள தலையும் கவசமும் 63 கிலோவாகும். கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் இழுப்பதற்கு முன்பே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இரத்தம். இதயத்திலிருந்து மூளைக்குச் சுமார் 30 செ.மீ. ஏற்றம். ஒவ்வொரு ஜிக்கும் அந்த ஏற்றத்தில் ஏறக்குறைய 22 மி.மீ. பாதரச அழுத்தம் கரைகிறது. 120இல் தொடங்கினால் 5 ஜியை ஒட்டி மூளைக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்ணுக்குள் தனி அழுத்தம் இருப்பதால் பார்வைதான் முதலில் போகும்: நிறம் மங்கும், ஓரங்கள் இருண்டு சுரங்கம்போல் சுருங்கும், பிறகு முழு இருட்டு, அதன்பிறகு மயக்கம். மூளையில் சில விநாடிக்கான ஆக்ஸிஜன் இருப்பு உண்டு. ஜி மிக வேகமாக ஏறினால் அந்த இருப்பு தீரும்வரை எதுவும் தெரியாது. மங்கல் என்ற எச்சரிக்கையே இல்லாமல் நேராக மயக்கம்தான். மயங்கியவர் தெளிந்து நிலைமை புரிந்து கைவைக்க 20 விநாடிக்கு மேல் ஆகலாம்.

காற்று நிரம்பும் கால்சட்டை ஒன்று அல்லது ஒன்றரை ஜி அளவுக்குக் காப்பாற்றும். மிச்சத்தை உடம்பால் சம்பாதிக்க வேண்டும். இழுப்பதற்கு முன்பே கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு என்று வரிசையாக இறுக்க வேண்டும். ஆழமாக மூச்சிழுத்துத் தொண்டையை அடைத்து நெஞ்சை அழுத்த வேண்டும். மூன்று விநாடிக்கு ஒருமுறை கணநேரத்தில் மூச்சை மாற்றி மீண்டும் அடைக்க வேண்டும். ஜி ஏறியபின் இறுக்கத் தொடங்குவது, நடுவில் ரேடியோவில் பேசுவது, தண்ணீர் குடிக்காமல் வருவது ஆகியவை அடிக்கடி நடக்கும் தவறுகள். ஸ்டிக்கை முன்னால் தள்ளி, இரத்தத்தைத் தலைக்கு ஏற்றும் எதிர்-ஜி கொடுத்துவிட்டு உடனே இழுத்தால் தாங்கும் திறன் இன்னும் குறையும், ஏனென்றால் இதயம் அப்போதுதான் வேகத்தைக் குறைத்திருக்கும். மயங்கிய விமானியைக் காப்பாற்ற, அமெரிக்க எஃப்-16களில் 2014 முதல் தரையில் மோதும் பாதையைக் கணினியே கண்டுபிடித்து விமானத்தை நிமிர்த்தி மேலே இழுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

உயரத்தைத் தப்பாகக் கணக்கிட்டால்

வான்சாகசத்தில் கீழ்நோக்கிய அசைவுக்கு மன்னிப்பு கிடையாது. 2003 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மவுண்டன் ஹோம் தளத்தில், அமெரிக்க விமானப்படையின் வான்சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் எஃப்-16 ஒன்று ஸ்ப்ளிட்-எஸ் செய்தது. தரையிலிருந்து 2,500 அடிக்கு ஏறியபின் புரட்ட வேண்டும். உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும். தளத்தின் உயரத்தை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விமானி தம் சொந்தத் தளத்தின் எண்ணைக் கூட்டிவிட்டார். மவுண்டன் ஹோம் அதைவிட ஏறக்குறைய 1,000 அடி மேலே இருக்கிறது. 1,670 அடியில் புரட்டி இழுத்தார். வளைவை முடிக்கும் உயரம் அங்கே இல்லை. மோதுவதற்கு 0.8 விநாடிக்கு முன் குதித்து உயிர் பிழைத்தார். விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

அடுத்த காட்சியில் என்ன பார்ப்பது?

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். ஒரு ஜெட் தட்டையாக முழு வட்டம் போடும்போது நேரத்தை அளவிடுங்கள். வேகம் 720 கி.மீ.யை ஒட்டி என்று கொண்டால், 30 விநாடி வட்டம் சுமார் 4.4 ஜி, 25 விநாடி 5.2 ஜி, 20 விநாடி 6.5 ஜி. மெரினாபோல் ஈரக்காற்று வீசும் கடற்கரையில் இறக்கை மேல் வெள்ளையாக ஆவி படர்ந்தால், அங்கே அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கிறது, விமானி பலமாக இழுக்கிறார் என்று அர்த்தம். பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஆஃப்டர்பர்னர் எரிகிறதா என்று பாருங்கள். வட்டம் தொடங்கிய உயரத்திலேயே முடிகிறதா, கடலை நோக்கி இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுத்தாமல் இரண்டாவது வட்டமும் போட்டால் அதையும் அளவிடுங்கள். முதல் வட்டம் 18 விநாடி, இரண்டாவது 24 என்றால், அந்த ஆறு விநாடிதான் முதல் வட்டத்துக்கு அது கொடுத்த விலை.